சிறுநீர் முழுதாக நின்றபின்: கையால் மாற்றும் பையா, இரவு மெஷினா?

அப்பாவுக்குச் சிறுநீர் நாளுக்கு 100 மில்லிக்கும் கீழே போனதும் வயிற்று டயாலிசிஸ் (வயிற்றுக்குள் திரவம் விட்டு, கழிவோடு வடித்தெடுக்கும் முறை) கணக்கையே மாற்ற வேண்டியதாயிற்று. அதுவரை நாளுக்கு இரண்டு லிட்டர் திரவப் பை நான்கு போதுமாக இருந்தது. குறைந்ததை மிச்சமிருந்த சிறுநீரகம் ஈடுகட்டியது. அந்தத் துணை போனபின் இரண்டே வழி: பையைக் கையால் மாற்றும் சிஏபிடியைக் கூட்டுவது, அல்லது இரவில் சைக்கிளர் மெஷின் போட்டு, அதுவே திரவத்தை மாற்றும் ஏபிடிக்கு மாறுவது. நாங்கள் கையால் மாற்றும் பையிலேயே நின்றுவிட்டோம். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

மெஷினின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததே. பகல் முழுக்கக் கை ஓய்வு; வேலைக்குப் போகிறவருக்கு அது பெரிய விஷயம். கரண்ட் போனால் அலாரம் அடிக்கும் என்பதும் தெரிந்ததே.

எல்லோரும் பார்ப்பது வாராந்திர கேடி/வி (வாரத்தில் சுத்தமாகும் அளவை உடம்பிலுள்ள நீரால் வகுத்த எண்), குறைந்தது 1.7 வேண்டும். 62 கிலோ ஆணின் உடம்பில் நீர் சுமார் 36 லிட்டர். நாளுக்கு எட்டு லிட்டர் உள்ளே போய் ஒன்பது வெளியே வந்தால் வாரத்துக்குச் சுத்தமாவது ஏறக்குறைய 60 லிட்டர், வகுத்தால் 1.7-ஐ ஒட்டித்தான் வரும். பகல் பைகளை இரண்டரை லிட்டராக்கினால் 2-ஐ நெருங்கும். குடலிறக்கம் இருப்பவர் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மெஷினும் இந்த எண்ணைச் சுலபமாகத் தொட்டுவிடும்.

என் முடிவைத் தீர்மானித்தது உப்பு. பை உள்ளே போன முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் குளுக்கோஸ் தண்ணீரை வேகமாக இழுக்கும். சோடியம் அந்த வேகத்துக்கு வராது, பின்னால்தான் மெல்ல வரும். மெஷின் ஒன்றரை மணிக்கொரு முறை வடித்துவிட்டால் தண்ணீர் போகும், உப்பு தங்கும். தாகம் எடுக்கும், குடிப்பார், கால் வீங்கும், பிரஷர் ஏறும். சிறுநீர் வருகிறவருக்கு அதில் கொஞ்சம் உப்பு போய்விடும். அப்பாவுக்கு வயிறு ஒன்றே வழி. பாஸ்பரஸுக்கும் நீண்ட நேரம் தங்கும் பைதான் உதவும். சிறுநீர் வராத ஏபிடி நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2003-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், தொடக்கத்தில் நாளுக்கு 750 மில்லிக்குக் குறைவாக நீர் எடுக்க முடிந்தவர்களின் ஆயுள்தான் குறைந்தது. கிரியேட்டினின் சுத்திகரிப்பு எண் அந்த அளவுக்குப் பேசவில்லை.

அதனால் பகலில் மூன்று குளுக்கோஸ் பை, இரவு முழுக்க ஒரு ஐகோடெக்ஸ்ட்ரின் (குளுக்கோஸைவிட மெதுவாக உறிஞ்சப்படும் மாவுச்சத்து கலந்த திரவம்). விலை கடிக்கிறது. ஆனால் இரவில் குளுக்கோஸ் பை போட்டால், விடிவதற்குள் இழுத்த நீரில் ஒரு பங்கை உடம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

இதெல்லாம் பெட் டெஸ்டில் (வயிற்றுச் சவ்வு எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று பார்க்கும் சோதனை) சராசரி ரகமாக வந்த அப்பாவின் கதை. சவ்வு வேகமாகக் கடத்தும் ரகமென்றால் குளுக்கோஸ் சீக்கிரம் உடம்புக்குள் போய்விடும், நீர் இழுப்பது நின்றுவிடும். குறுகிய சுற்றுகளுள்ள மெஷினே அவர்களுக்குப் பொருந்தலாம். மெஷினோடு நான் வாழ்ந்து பார்த்ததில்லை. அதை எடுப்பவர்கள் பகலில் வயிற்றைக் காலியாக விடாமல் ஐகோடெக்ஸ்ட்ரின் வைக்க முடியுமா, சுற்றுகளைக் குறைத்து நீட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஐகோடெக்ஸ்ட்ரின் போடும் சர்க்கரை நோயாளிகள் வீட்டு குளுக்கோமீட்டரையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சிலவகை ஸ்ட்ரிப் சர்க்கரையைப் பொய்யாக அதிகம் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் ஆபத்து.