மாலத்தீவா, மாபுலா, போனேரா? டைவிங் விடுமுறைக்கு எந்தத் தீவு?

ஸ்கூபா விடுமுறைக்குத் தீவு தேடும் பலரும் முதலில் பார்ப்பது அறையின் படத்தை. நான் முதலில் திறப்பது வரைபடத்தை. அறைக்கும் பவளத்திட்டின் விளிம்புக்கும் எவ்வளவு தூரம்? அதைக் கடக்க என் கால் போதுமா, அவர்களுடைய படகு வர வேண்டுமா? ஒரு நாளில் எத்தனை முறை, எந்த நேரத்தில் தண்ணீருக்குள் இறங்குவோம் என்பது இதை வைத்துத்தான். இந்தக் கணக்கில் மூன்று திசைக்கு நிற்கும் இடங்கள் மாலத்தீவு, மலேசியாவின் சபா கடலில் உள்ள மாபுல், கரீபியனில் போனேர்.

மாலத்தீவில் ரிசார்ட் என்றால் பெரும்பாலும் தீவுக்கு ஒன்று. பிடிக்காவிட்டால் பக்கத்து டைவ் சென்டருக்கு மாறலாம் என்ற பேச்சே இல்லை. அதனால் தீவைத் தேர்வதுதான் முழு வேலையும். தண்ணீர் மேல் கட்டிய குடில்கள், கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெளிர்நீலம் என்று ஒரு படம் மயக்கினால் கொஞ்சம் நில்லுங்கள். வெளிர்நீலம் என்றால் ஆழமில்லாத மணல். பவளம் எங்கோ தள்ளி இருக்கிறது. கரையிலிருந்து சில பத்து மீட்டரிலேயே நீலம் கறுக்கும் தீவுதான் நமக்கு வேண்டும். சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். தேனிலவுக்கு வருபவர்களுக்குப் பிடித்த தீவும் டைவருக்குப் பிடித்த தீவும் பிரிவது இங்கேதான்.

அப்புறம் பருவம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மாண்டா திருக்கைகள் பவளவட்டங்களின் (அட்டால், வளையமாக அமைந்த பவளத்திட்டு) கிழக்குப் பக்கம் கூடும்; வடகிழக்குக் காற்றின்போது மேற்குப் பக்கம். பா பவளவட்டத்தின் ஹனிஃபாரு விரிகுடாவில் அவை கூட்டம் கூட்டமாக வருவது பிரபலம். ஆனால் அங்கே சிலிண்டரோடு இறங்க அனுமதி இல்லை, மூச்சுக்குழாயோடு மேலே மிதந்து பார்க்கும் ஸ்நோர்கெல் மட்டும்தான். இது தெரியாமல் அதற்காகவே பணம் கட்டுகிறவர்கள் உண்டு. சுறா பார்க்க வேண்டுமானால் பவளவட்டங்களின் கால்வாய்களுக்குப் படகில் போக வேண்டும். நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகும்; போன மாதம் டைவ் சான்றிதழ் வாங்கியவருக்கான இடமல்ல அது.

மாபுல் கதை வேறு. அங்கே போகிறவர்களில் பெரும்பாலோரின் மனதில் இருப்பது பக்கத்திலுள்ள சிபாடான். கடலடியிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் செங்குத்தாக எழும் தீவு; ஆமைகள், சுழல்காற்றுபோல் சுற்றும் சீலா மீன் கூட்டம். அதன் மேல் இருந்த ரிசார்ட்டுகள் 2004 முடிவில் மூடப்பட்டன. இப்போது ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று அனுமதிச்சீட்டு. மாபுல், மணல்திட்டின் மேல் கம்பங்களில் நிற்கும் கபாலாய் ரிசார்ட் போன்ற பக்கத்து இடங்களில் தங்கிப் படகில் போய்வர வேண்டும். ஒரு வாரம் தங்கினாலும் சிபாடான் தினமும் கிடைக்காது. உங்கள் பெயரில் எத்தனை நாள் சீட்டு என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "முயற்சி செய்கிறோம்" என்று பதில் வந்தால் வேறு இடம் பார்ப்பேன்.

சீட்டு இல்லாத நாட்கள் வீண் என்று நினைக்க வேண்டாம். மாபுலைச் சுற்றிய மணலிலும் படகுத்துறைக் கம்பங்களின் அடியிலும் தவளைமீன், நிறம் மாற்றும் குட்டிக் கணவாய், அந்தியில் மாண்டரின் மீன் என்று கேமராக்காரர்களுக்கு வேட்டைதான். பெரிய மீன் வேண்டும் என்று வந்தவருக்கு மட்டும் அலுக்கும். ஒன்றை மறைக்கக் கூடாது: 2000 ஏப்ரலில் சிபாடானிலிருந்து 21 பேரை ஆயுதக்குழு கடத்திச் சென்றது. இன்றும் அந்தக் கடலோரம் பாதுகாப்புப் படையின் கண்காணிப்பில் இருக்கிறது. உங்கள் அரசின் பயண அறிவிப்பையும் காப்பீட்டின் பொடி எழுத்தையும் படித்துவிட்டே முடிவெடுங்கள்.

போனேர், ரிசார்ட் மட்டும் உள்ள தீவல்ல. ஊரும் தெருவும் உண்டு. அங்கே படகுக்குக் காத்திருக்கவே வேண்டாம். ஒரு பிக்கப் வண்டி வாடகைக்கு எடுத்து, சிலிண்டர்களைப் பின்னால் போட்டு, சாலையோரம் மஞ்சள் சாயம் பூசிய கல் தெரியும் இடத்தில் நிறுத்தி இறங்கலாம். ஒவ்வொரு கல்லும் ஒரு டைவ் தளம். காற்று மறைவான மேற்குக் கரையில் நீரோட்டம் பொதுவாக லேசுதான். 1979 முதல் தீவைச் சுற்றிய கடல் முழுக்கப் பாதுகாக்கப்பட்ட பூங்கா. கையுறை அணியத் தடை. இரவில் இறங்கினால் டார்ப்பன் மீன்கள் உங்கள் டார்ச் வெளிச்சத்தை வைத்தே வேட்டையாடும். மாண்டா, திமிங்கலச் சுறா எல்லாம் அதிர்ஷ்டக் கணக்கு. 2023-இல் பவளங்களைத் தின்னும் திசு நோயும் வந்து சேர்ந்தது.

என் ஓட்டு? புதிதாகக் கற்றவருக்கும், கைடின் பின்னால் வரிசையாக நீந்துவது பிடிக்காதவருக்கும் போனேர். ஐம்பது டைவ் தாண்டி, ஒரே ஒரு பெரிய காட்சிக்காக ஏங்குபவருக்கு, பயண அறிவிப்பு இடம் கொடுத்தால், மாபுல். துணைக்கு வருபவர் டைவ் செய்யாதவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், கரையோரமே பவளம் உள்ள மாலத்தீவுத் தீவு. நீங்கள் சிலிண்டரோடு கீழே போக, அவர் அதே சரிவின் மேல் ஸ்நோர்கெல் போட்டு மிதக்கலாம்.

டிக்கெட் போடும் முன் கடைசி நாளையும் எண்ணிப் பாருங்கள். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தால், கடைசி டைவுக்குப் பின் விமானம் ஏற குறைந்தது 18 மணி நேர இடைவெளி வேண்டும். மாலத்தீவின் கடல்விமானமும் விமானம்தான். அது பகலில் மட்டுமே பறக்கும் என்பதால், மாலையில் மாலே வந்து இறங்கினால் முதல் நாளும் கையை விட்டுப் போகும். வேகப்படகு எட்டும் தூரத்தில் ஒரு தீவு கிடைத்தால் அந்த நாள் மிச்சம்.