பனிச்சறுக்குப் பயிற்சிக்கு எதை வாங்கலாம்: ஸ்கேட்போர்டா, இன்லைன் ஸ்கேட்ஸா?

பனி முடிந்து அடுத்த பனி விழும்வரை ஸ்கீ பனிச்சறுக்கின் கால் பழக்கம் விட்டுப்போகக் கூடாது, கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், ஒரே வரிசையில் சக்கரங்கள் பொருத்திய காலணியான இன்லைன் ஸ்கேட்ஸ் வாங்குங்கள். ஸ்கேட்போர்டு மட்டம் என்று அர்த்தமில்லை. அது வேறொரு விளையாட்டுக்கான பயிற்சி. போர்டில் உடம்பு பக்கவாட்டில் நிற்கிறது, இரண்டு பாதமும் ஒரே பலகையில் இருக்கின்றன, குதிகாலையோ விரல்களையோ அழுத்தித் திரும்புகிறோம். ஒரே பலகையில் நின்று பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டுக்கு அது அப்படியே பொருந்தும். காலுக்கொரு பலகை கட்டிச் சறுக்கும் ஸ்கீயில் முகமும் பாதமும் போகும் திசையைப் பார்க்கின்றன, கால்கள் தனித்தனியாக வேலை செய்கின்றன, வளைவில் எடையின் பெரும்பங்கு வெளிக்காலுக்கு, அதாவது வளைவின் வெளிப்பக்கம் இருக்கும் காலுக்குப் போகிறது. இந்த மூன்றும் இன்லைனில் உண்டு. 1980களின் தொடக்கத்தில் மினியாபொலிஸில் ஓல்சன் சகோதரர்கள் ரோலர்பிளேடு என்ற இன்லைன் ஸ்கேட் நிறுவனத்தை உருவாக்கியதே ஐஸ் ஹாக்கி ஆடுபவர்கள் கோடையிலும் பழகத்தான். பிறகு அந்த நிறுவனமே 'ஸ்கேட் டு ஸ்கீ' என்ற பெயரில் ஸ்கீயர்களுக்கான பயிற்சித் திட்டத்தையும் கொண்டுவந்தது.

வாங்கும்போது முதலில் பூட்டை, அதாவது ஸ்கேட்டின் காலணிப் பகுதியைப் பாருங்கள். வலைத்துணி போட்ட மெத்தென்ற ஃபிட்னஸ் மாடல்கள் பூங்காவைச் சுற்றிவரச் சுகமாக இருக்கும். வளைவில் சாய்ந்தால் கணுக்கால் உள்பக்கம் மடிந்துவிடும், சக்கரத்தின் விளிம்பில் நிற்கவே முடியாது. கெட்டியான பிளாஸ்டிக் ஷெல் (வெளிக்கூடு), கணுக்காலைச் சூழும் உயரமான கஃப், மேலே பக்கிள், குதிகாலைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் 45 டிகிரி பட்டை, இந்த நான்கும் வேண்டும். கஃப் முன்பக்கம் மடங்க வேண்டும், பக்கவாட்டில் அசையக் கூடாது. கடையில் போட்டு நிமிர்ந்து நின்றால் விரல்நுனி முன்பக்கத்தை லேசாகத் தொடும். முழங்காலை மடக்கிக் கணைக்காலை முன்னால் அழுத்தினால் விரல் பின்வாங்க வேண்டும். ஸ்கீ பூட்டுக்குச் செய்யும் அதே சோதனைதான். அளவையும் பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்லும் மாண்டோபாயிண்ட்டில் பாருங்கள், ஷூ எண்ணை நம்ப வேண்டாம்.

சக்கரம் நான்கு போதும்: 80 முதல் 90 மி.மீ. விட்டம், 82ஏ முதல் 85ஏ வரை கடினம் (எண் கூடக்கூடச் சக்கரம் கெட்டியாகும்). 110, 125 மி.மீ. மூன்று சக்கர மாடல்கள் நீண்ட தூரத்துக்கு அருமையானவை. ஆனால் அதில் பாதம் தரையிலிருந்து உயர்ந்துவிடுகிறது, சரிவில் வேகம் சட்டென்று கைமீறுகிறது.

இன்லைனின் மிகப் பெரிய பலம், சக்கரம் பக்கவாட்டில் சறுக்காது என்பது. ஸ்கீயில் வேகம் பயமுறுத்தினால் பலரும் வால்பக்கத்தை உதறித் தள்ளி, பனியைச் சுரண்டிக்கொண்டே திரும்புவார்கள். ஸ்கேட்டில் அந்தக் குறுக்குவழி கிடையாது. வளைவை முழுதாக முடித்து, சரிவுக்குக் குறுக்கே, தேவைப்பட்டால் சற்று மேல்நோக்கியே வந்தால்தான் வேகம் குறையும். விளிம்பில் நின்று வளைவை முடிக்கும் பழக்கம் இங்கே வந்துவிட்டால் பனியில் சறுக்காமல் விளிம்பாலேயே வளையும் கார்விங் எளிதாகும்.

இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் சரிவு வேண்டாம், அடியில் குறைந்தது 30 மீட்டர் சமதளம் இருக்க வேண்டும். 8 அல்லது 10 கூம்புகளை 3 மீட்டர் இடைவெளியில் நேர்க்கோட்டில் வைத்துத் தொடங்குங்கள், சரளமானதும் ஒன்றுவிட்டு ஒன்றைப் பக்கவாட்டில் ஒரு மீட்டர் தள்ளுங்கள். உள்கால் அரை பூட் நீளம் முன்னால் போனால் போதும். அதற்கு மேல் போனால் இடுப்பு பின்தங்கும், பனியிலும் அது தொடரும். ஸ்கீ கம்பு பிடித்துப் பழகுவது தாளத்துக்கு நல்லது. தார்ச்சாலையில் கம்பின் முனை வழுக்கும், ரப்பர் மூடி போடுங்கள். தலைக்கவசத்தோடு மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் காப்புகள் கட்டாயம். ஈரச் சாலையும் சாலையில் அடித்த வெள்ளைக் கோடும் சக்கரத்தின் பிடியை அப்படியே பறித்துவிடும்.

நாலைந்து முறை கூம்புப் பயிற்சி ஆனதும் சக்கரங்களைக் கழற்றாமல் முன்னால் குனிந்து பாருங்கள். சக்கரத்தின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து, வெளிவிளிம்பு புதிதாகவே இருந்தால், வளைவில் உள்கால் சும்மா வருகிறது என்று பொருள். முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருக்கும். ஸ்கீ பயிற்றுநர்கள் ஓயாமல் திருத்தும் பிழை இது. காலை உதைத்துத் தள்ளி ஓடுவதாலும் உள்விளிம்பு தேயும் என்பதால், சரிவில் மட்டும் ஓடிய பிறகு பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும். உள்காலின் சுண்டுவிரல் பக்கத்தைத் தரையில் அழுத்தி வளைவைத் தொடங்கினால் மெல்லச் சரியாகும். அதன்பின் முதல் சக்கரத்தை மூன்றாவதோடும் இரண்டாவதை நான்காவதோடும் மாற்றி, தேய்ந்த பக்கம் வெளியே வரும்படித் திருப்பிப் போடுங்கள்.

குதிகால் பிரேக்கில் ஒரு தொல்லை உண்டு. அதை அழுத்தப் பாதத்தை முன்னால் நீட்டி எடையைப் பின்னால் வைக்கிறோம். ஸ்கீயில் கணைக்கால் பூட்டை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பிரேக்கைக் கழற்ற வேண்டாம், அவசரத்துக்கு அது தேவை. ஆனால் ஒவ்வொரு ஓட்டத்தையும் வளைந்து நிறுத்தியே முடியுங்கள்.

ஸ்கேட்போர்டுக்கு வருவோம். 50 முதல் 54 மி.மீ. வரை, 99ஏ கடினமான சக்கரம் உள்ள தெருப் போர்டு கடலை அளவுக் கல்லில் மாட்டி நின்றுவிடும், ஆள் மட்டும் பறப்பார். சரிவில் பழக அதை எடுக்காதீர்கள். 70 மி.மீ., 78ஏ சக்கரம் போட்ட நீளமான பலகை, அதாவது லாங்போர்டு பரவாயில்லை. கார்வர் போன்ற சர்ஃப்ஸ்கேட்டுகள் (கடலலைச் சறுக்குபோல் வளைந்து ஓடும் போர்டுகள்) அழகாக வளைகின்றன. ஆனால் தோளையும் மார்பையும் சுழற்றித்தான் அதற்கு வேகம் ஏற்ற வேண்டும். ஸ்கீயில் மேலுடம்பு சரிவைப் பார்த்து அமைதியாக இருக்க, கால்கள் மட்டும் கீழே திரும்ப வேண்டும். சர்ஃப்ஸ்கேட் நேர் எதிர்ப் பழக்கத்தைத் தருகிறது, ஸ்கீ ஒன்றே குறி என்றால் அது நஷ்டம்.

மேடுபள்ளமான மோகல் சரிவுகளில் ஆர்வமுள்ளவர்களுக்கு மட்டும் போர்டைத் தயங்காமல் சொல்லலாம். மேடுகள் அடுத்தடுத்து வரும் பம்ப் டிராக் தடத்தில், மேட்டில் முழங்காலை மடக்கி உறிஞ்சி, இறக்கத்தில் நீட்டி அழுத்தும் அந்த அசைவு மோகலுக்கு நேரடியாக உதவும். பராமரிப்பும் போர்டில் குறைவு: எட்டு பேரிங். ஸ்கேட்ஸில் பதினாறு. இரண்டிலும் பொதுவாக அதே 608 வகைதான். நனைந்தால் அன்றே துடைத்து எண்ணெய் போடுங்கள்.

இன்லைன் சொல்லித்தராத ஒன்று உண்டு: விளிம்பை விடுவித்துப் பக்கவாட்டில் சறுக்கி இறங்குவது. அதனால் பனிக்குப் போன முதல் நாள் லிஃப்டில் உயரே ஏறிவிடாமல், எளிய சரிவில் சரிவுக்குக் குறுக்கே நின்று, விளிம்பைத் தளர்த்திக் கொஞ்சம் சறுக்கி, மறுபடி விளிம்பை ஊன்றி நிற்பதை இரண்டு பக்கமும் பத்துப் பத்து முறை செய்துவிட்டு மேலே போங்கள்.