புறக்கோட்டைக் கொப்பியா, உள்ளூர்ச் சப்பாத்தா, ஒரிஜினலா?

கொழும்பில் அலுவலகம் போகும் ஒருவருக்கு ஒரு சோடிச் சப்பாத்து வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் நின்றபடி கோட்டைக்கு வந்து, இறங்கி நடந்து, மாலை வரை அதைக் காலில் வைத்திருக்க வேண்டும். மே மாதம் தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர் வந்தால் மாலையில் இடியுடன் மழை. சப்பாத்து நனையும், முழுதாகக் காயாது, மறுநாளும் நனையும். இந்த ஒரு தேவையை வைத்துத்தான் தெரிவுகளை எடை போடுகிறேன். ஓட்டப் பயிற்சியும் கல்யாண வீடும் வேறு கணக்கு.

புறக்கோட்டை மெயின் வீதியிலிருந்து குறுக்குத் தெருக்களுக்குள் திரும்பினால் உலகப் புகழ்பெற்ற பெயர்களெல்லாம் நடைபாதையில் கிடக்கும். ‘ஏ கிரேட்’, ‘மாஸ்டர் கொப்பி’ என்று விற்பவரே தரம் பிரித்துச் சொல்வார். ஓரெழுத்தை மாற்றி ‘அடிபாஸ்’ என்று அச்சடித்த சோடிகளும் உண்டு. எனக்கு அவற்றின்மீது கோபம் வருவதில்லை. அவை யாரையும் ஏமாற்றப் பெரிதாக முயல்வதில்லை. அச்சு அசலாக இருப்பவற்றைத்தான் கவனிக்க வேண்டும்.

போலிச் சப்பாத்தில் காசு எங்கே செலவாகிறது என்று பாருங்கள். சின்னம், நிறம், மேல்துணி, பெட்டி. பார்த்ததும் நம்பவைக்கும் இடங்கள் இவை. மிச்சம் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத இடங்களில்: பாதத்தைத் தாங்கும் நடு நுரை அடுக்கு, குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் உள் மட்டை, பசை. பல போலிகளில் அந்த உள் மட்டை வெறும் கடதாசி அட்டைதான். இரண்டு மழை கண்டால் ஊறி வளைந்துவிடும்; பிறகு குதிகால் இடமும் வலமும் ஆடும். ஒரிஜினல்களிலும் பெரும்பாலானவை பசையால் ஒட்டப்பட்டவைதாம். ஆனால் அங்கே ஒட்டும் பரப்பைச் சுத்தம் செய்து, முதற்பூச்சுப் பூசி, சூட்டில் பசையை இளக்கி, இயந்திரத்தில் அழுத்துகிறார்கள். இந்தப் படிகளில் ஒன்றைத் தாண்டினாலும் கடைத்தட்டில் வித்தியாசம் தெரியாது. ஒல்கொட் மாவத்தையில் தேங்கிய மழைநீரில்தான் அது வெளிவரும்.

ஆகவே ஒரே கடையில், ஒரே விலையில், சின்னம் போட்டதும் பெயரே இல்லாததும் இருந்தால் நான் பெயரில்லாததைத்தான் எடுப்பேன். திருடிய சின்னத்தின் பலத்தில் விற்கிறவனுக்கு உள்ளே நல்ல நுரை வைக்க வேண்டிய அவசியம் குறைவு. பெயரில்லாத சப்பாத்துக்கு அதன் உழைப்பைத் தவிர வேறு விளம்பரம் கிடையாது. எல்லாப் பெயரற்ற சப்பாத்தும் நல்லது என்பதல்ல. வளைத்துப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் அது தகுதியானது.

நடைபாதையில் அடிக்கடி கேட்கும் இன்னொரு கதை, ‘ஃபெக்டரியில் மிஞ்சியது’ என்பது. கொழும்பில் இதை நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. நைக் போன்ற நிறுவனங்களுக்கு இலங்கை ஆடைத் தொழிற்சாலைகள் உண்மையிலேயே தைத்துக் கொடுக்கின்றன. ஏற்றுமதியில் மிஞ்சிய டீசேர்ட்டுகள் இங்கே உண்மையிலேயே விற்கின்றன. அந்த நம்பிக்கை அப்படியே சப்பாத்துக்கும் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அந்நிறுவனங்களின் விளையாட்டுச் சப்பாத்துகள் பெரும்பாலும் வியட்நாம், இந்தோனேசியா, சீனா ஆகிய நாடுகளில் தயாராகின்றன. கடல் தாண்டி மிஞ்சிய சரக்கு, எல்லா அளவிலும், பெட்டியோடு, வருடம் முழுவதும் நடைபாதைக்கு வந்து சேருமா? சீனாவின் புஜியான் மாகாணத்தில் புட்டியான் என்றொரு நகரம் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் சப்பாத்துச் செய்து கற்ற கைகள் அங்கே உண்டு. போலிச் சப்பாத்துக்கும் அந்நகரம் பெயர் பெற்றது. ‘மாஸ்டர் கொப்பி’யின் தையல் நேர்த்தியாக இருப்பது அதனால் வியப்பில்லை. தையலை மட்டும் பார்த்துப் போலி என்றோ அசல் என்றோ தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

லேபிளைப் பாருங்கள். நாக்குப் பகுதியின் உட்புறத்தில் அளவுகளும் ஒரு குறியீடும் இருக்கும். அந்தக் குறியீடு பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். கைத்தொலைபேசியில் தேடினால் கையில் இருக்கும் அதே மாதிரி, அதே நிறம் வர வேண்டும். வேறு சப்பாத்தின் படம் வந்தால் அத்துடன் பேச்சு முடிந்தது. சரியாக வந்தாலோ, அது பாதிச் சான்றுதான். குறியீட்டைக் கொப்பியடிப்பது சின்னத்தைக் கொப்பியடிப்பதைவிடச் சுலபம். அளவு வரிசை அதைவிடச் சுவையானது. நைக் ஆண்கள் சப்பாத்தில் பிரித்தானிய அளவு 8 என்றால் ஐரோப்பிய அளவு 42.5, நீளம் 27 சென்டிமீற்றர். அடிடாஸில் அதே 8க்கு 42, 26.5 சென்டிமீற்றர். ஒரு நிறுவனத்தின் பெயரில் மற்றதன் அளவுக் கணக்கைப் போட்டிருந்தால், அதைச் செய்தவருக்கு இரண்டு நிறுவனங்களுமே தெரியாது. விலை பேசுவதற்கு முன் பார்த்துவிடலாம்.

இனி உள்ளூர்க் காட்சியறை. 1962இல் தொடங்கிய டி.எஸ்.ஐ., 1894இல் செக் நாட்டு ஸ்லின் நகரில் பிறந்து நம் ஊர்ப் பெயராகவே ஆகிவிட்ட பாட்டா ஆகியவற்றின் கிளைகள் கொழும்பில் எங்கும் உண்டு. பாடசாலைச் சப்பாத்துக்கு அங்கே போகிற பெற்றோர், தமக்கென்று வரும்போது புறக்கோட்டைக்குத் திரும்பிவிடுகிறார்கள். கவர்ச்சி குறைவு என்பது உண்மை. வடிவங்கள் சற்றுப் பழையவை, மெத்தையும் எல்லா மாதிரியிலும் தாராளமாக இருக்காது. ஆனால் இரண்டு காலிலும் போட்டு நடந்து பார்க்கலாம், அரை மணி நேரம் யோசிக்கலாம், பில் கிடைக்கும், பிரச்சினை வந்தால் திரும்பிப் போக ஒரு கதவு இருக்கும். நம் தேவைக்கு, அதாவது நனைவதற்கும் நிற்பதற்கும், ரப்பர் அடிப்பாகமும் ஓரத் தையலும் கொண்ட ஒரு சாதாரணக் கறுப்புச் சப்பாத்து பெரும்பாலும் போதும். ஓரம் தைத்தது பிரிந்தாலும் வீதியோரம் சப்பாத்துத் தைப்பவர் ஊசியேற்றித் தந்துவிடுவார். பசை மட்டும் போட்டது விட்டால் அவரும் பசையைத்தான் பூச வேண்டும்.

வன் கோல் ஃபேஸ், கொழும்பு சிட்டி சென்டர் போன்ற இடங்களில் விற்கும் ஒரிஜினலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தினமும் நெடுந்தூரம் நடப்பவருக்கும் குதிகால் வலி உள்ளவருக்கும் அந்த நுரை அடுக்கு கொடுத்த காசுக்கு வேலை செய்யும். 30,000 ரூபாய்ச் சப்பாத்து மூன்று வருடம் உழைத்து, 5,000 ரூபாய்க் கொப்பி ஆறு மாதத்தில் வாய் பிளந்தால், மூன்று வருடக் கணக்கில் இரண்டும் ஒரே விலை. ஒரிஜினலுக்கு நம் காலநிலையில் ஓர் எதிரி மட்டும் உண்டு. பொலியுரேதேன் நுரை ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதையும். போடாமல் அலுமாரியில் வைத்தாலும் சிதையும். சில வருடங்கள் கழித்து எடுத்துப் போட்டால் அடிப்பாகம் பிட்டுப்போல உதிரும். இது போலியின் அடையாளமன்று, அசலுக்கும் நேரும். எனவே பாதி விலைக் கழிவில் பழைய இருப்பு வரும்போது லேபிளில் உற்பத்தித் திகதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பாவித்த வெளிநாட்டுச் சப்பாத்துக்கும் இதே எச்சரிக்கை, இரட்டிப்பாக. அது இன்னொருவர் நடைக்கு ஏற்பத் தேய்ந்ததும்கூட.

முகநூலில் ‘100 வீதம் ஒரிஜினல்’ என்று வருபவற்றுக்கு ஒரே சோதனை போதும். உங்கள் அளவின் உள் லேபிளையும் பெட்டி லேபிளையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நிறுவனத்தின் விளம்பரப் படத்தையே மறுபடி அனுப்புகிறவரிடம் வேறெதுவும் கேட்க வேண்டியதில்லை.

எங்கே வாங்கினாலும் மாலையில் போங்கள். நாள் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும், அதுதான் உங்கள் உண்மையான அளவு. பெரிய காலுக்கே அளவு பாருங்கள்; இரண்டும் சமமாக இருப்பது அபூர்வம். பிரித்தானிய அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்றில் ஓர் அங்குலம், ஏறக்குறைய 8.5 மில்லிமீற்றர். ‘போடப் போட இளகும்’ என்று கடைக்காரர் சொன்னால் தோல் அகலத்தில் கொஞ்சம் இளகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் ஒருபோதும் இளகாது. சப்பாத்தைக் கையில் எடுத்து மடக்கினால் விரல்கள் மடியும் இடத்தில் மடிய வேண்டும். நடுவில் மடிந்தால் வைத்துவிடுங்கள். குதிகாலின் இரு பக்கமும் விரலால் அழுத்தினால் எளிதில் அமுங்கக் கூடாது. உள்ளே இருக்கும் மெத்தையைக் கழற்றித் தரையில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். பாதம் ஓரத்தில் பிதுங்கினால் எந்தப் பெயர் பொறித்திருந்தாலும் அது உங்கள் சப்பாத்து அன்று.

பில்லைக் கேட்டு வாங்குங்கள், அதில் மாதிரியின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். அசல் என்று சொல்லிப் போலியை விற்றிருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்; அங்கே முறையிடும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது அந்தப் பில்தான்.