மால்டீஸ் ஃபால்கன் (1941): புதையலத் தேடி யாரும் எங்கயுமே போகாத புதையல் படம்

புதையல் வேட்டைப் படம்னாலே நமக்கு மேப்பு, குகை, பாம்பு, அந்துபோற கயித்துப் பாலம் இதெல்லாம்தான் ஞாபகம் வரும். நானும் அப்படி நெனச்சுதான் மொத தடவ ராத்திரி பதினோரு மணிக்கு இதப் போட்டுட்டு உக்காந்தேன், அரை மணி நேரத்துல தூங்கிட்டேன். குகையும் வரல பாம்பும் வரல, கோட்டு போட்ட நாலஞ்சு பேரு ரூமுக்குள்ள உக்காந்து பேசிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழம மத்தியானம் சப்டைட்டில் போட்டு ஃபோன அடுத்த ரூம்ல வெச்சுட்டு திரும்பப் பாத்தேன், 100 நிமிஷம் போனதே தெரியல. இப்போ நாலாவது தடவையும் பாத்தாச்சு, அதான் எழுதிடலாம்னு.

கதை ஸான் ஃபிரான்சிஸ்கோல நடக்குது. ஸாம் ஸ்பேட், மைல்ஸ் ஆர்ச்சர் ரெண்டு பேரும் சேந்து ஒரு டிடெக்டிவ் ஆபீஸ் வெச்சிருக்காங்க. ஒரு பொண்ணு வந்து என் தங்கச்சி தர்ஸ்பின்னு ஒருத்தன் கூட ஓடிவந்துட்டா, அவன ஃபாலோ பண்ணுங்கன்னு சொல்லி ரெண்டு நூறு டாலர் நோட்ட டேபிள்ல வெக்குறா. அன்னிக்கு ராத்திரியே ஆர்ச்சரை யாரோ சுட்டுடுறாங்க, கொஞ்ச நேரத்துல தர்ஸ்பியும் காலி, போலீஸ் நேரா ஸ்பேட் வீட்டுக் கதவத் தட்டுது. மறுநாள் பாத்தா அந்தப் பொண்ணு சொன்ன பேரும் பொய், கதையும் பொய். ஸ்பேட் அதுக்கெல்லாம் அலட்டிக்கவே இல்ல, நாங்க ஒன் கதைய எங்க நம்பினோம், நீ குடுத்த எரநூறு டாலரத்தான் நம்பினோம்னு மூஞ்சிக்கு நேரா சொல்றாரு. அந்த இடத்துல நிமிந்து உக்காந்தேன்.

எல்லாருக்கும் வேண்டியது ஒரு கருப்பு பொம்மை, ராஜாளிப் பறவை மாதிரி. உள்ள தங்கம், அலகுலேந்து நகம் வரைக்கும் நவரத்தினம், மேல கருப்பு எனாமல் பூசி மறைச்சிருக்காங்கன்னு சொல்றாங்க. ஆரம்பத்துல ஓடுற எழுத்துல மால்டா தீவுல இருந்த டெம்ப்ளர்ங்குற சிலுவைப்போர் வீரர்கள் 1539ல ஸ்பெயின் ராஜா அஞ்சாம் சார்லஸுக்கு இத அனுப்புனாங்கன்னு போடுறாங்க. டெம்ப்ளர் கூட்டத்த போப்பு 1312லயே கலைச்சாச்சு! மால்டா தீவ 1530ல அதே சார்லஸ்கிட்டேந்து வாங்கினது ஹாஸ்பிடலர்னு வேற ஒரு கூட்டம், அதுக்கு வருஷத்துக்கு ஒரு ராஜாளி குடுக்கணும், உசுரோட இருக்குற பறவை, அதான் வாடகை. வேடிக்கை என்னன்னா படத்துக்குள்ள வில்லன் அந்தக் கூட்டத்தோட பேர கரெக்டா சொல்றாரு, டைட்டில் கார்டு எழுதினவரு அந்த சீனையே பாக்கல போல.

அந்த வில்லன் காஸ்பர் கட்மனா வர்ற சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்டுக்காகவே ஒரு தடவ பாக்கலாம். அப்போ வயசு 61, அதுவரைக்கும் நாடக மேடை மட்டும்தான், இதுதான் மொத படம், அதுக்கே ஆஸ்கர் நாமினேஷன். கேமராவ தரையோட வெச்சு எடுத்திருக்காங்க, ஃபிரேம்ல முக்கால்வாசி அவரு தொப்பையும் அதுல தொங்குற வாட்ச் செயினும்தான், மூஞ்சி எங்கயோ மேல இருந்து பேசுது. பதினேழு வருஷமா இந்தப் பறவைக்குப் பின்னாடி அலையிறேன்னு சொல்லி அதோட வரலாறு முழுக்க சொல்றாரு, யாரு செஞ்சாங்க, எந்தக் கொள்ளைக்காரன் அடிச்சான், யார் யார் கைக்குப் போச்சுன்னு, நெலம் விக்க வந்த புரோக்கர் வில்லங்கமே இல்லாத மூலப்பத்திரம்னு விரிச்சுக் காட்டுற மாதிரி ஒரு சொகம் அந்தப் பேச்சுல. நாமளும் வாயப் பொளந்து கேட்டுக்கிட்டே இருக்கோம், ஸ்பேட் கையில இருக்குற கிளாஸ்ல அவரு என்ன கலந்தாருன்னு கவனிக்கவே இல்ல. வாயாலயே வடை சுடுறாரு மனுஷன். இந்தப் படத்துல புதையல்ங்குறதே இந்தப் பேச்சுதான், பொம்மைய கண்ணால பாக்குறதுக்கு முன்னாடியே அதுக்காக ஆளாளுக்கு சாகுறாங்க.

எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் ஒண்ணு இருக்கு, அஞ்சு செகண்டு கூட வராது. கட்மன் ரூமுக்கு மொத தடவ போனப்போ ஸ்பேட் கோவமா சத்தம் போட்டு, கிளாஸப் போட்டு ஒடச்சு, சாயங்காலம் வரைக்கும்தான் டைம்னு மெரட்டிட்டு கதவ அறைஞ்சு சாத்திட்டு வெளிய வர்றாரு. காரிடார்ல ரெண்டடி நடந்ததும் மூஞ்சில ஒரு சிரிப்பு. அடப்பாவி, அத்தனையும் நடிப்பா. அடுத்து கையப் பாக்குறாரு, கை நடுங்குது. அதையும் பாத்து சிரிச்சுட்டு பாக்கெட்டுக்குள்ள விட்டுக்குறாரு. கோவம் நடிப்புன்னா நடுக்கம் எங்கேந்து வந்துச்சு? படம் பதில் சொல்லாது. டாஷியல் ஹாமெட் 1930ல எழுதுன நாவலும் இப்படித்தான், ஸ்பேட் என்ன செஞ்சான்னு சொல்லும், மனசுல என்ன ஓடிச்சுன்னு ஒரு வரி இருக்காது. ஹாமெட்டே பிங்கர்ட்டன் கம்பெனில டிடெக்டிவ் வேலை பாத்தவரு.

பீட்டர் லோரி வேற ஒரு ரகம். ஜோயல் கைரோவா வர்றாரு, இவரும் அந்தப் பறவைக்கு அலையிற ஆளுதான், விசிட்டிங் கார்டுலயே சென்ட் வாசனை. துப்பாக்கிய நீட்டி ஒன் ஆபீஸ சோதனை போடணும்ங்குறாரு, ஸ்பேட் ஒரே அடில மயக்கம் போட வெச்சுடுறாரு. எந்திரிச்சதும் மொத கவலை சட்டை கசங்கிப்போச்சுன்னு. அப்புறம் பேரம் படிஞ்சு, அட்வான்ஸ் குடுத்து, துப்பாக்கியத் திரும்ப வாங்கி, வாங்குன கையோட மறுபடியும் நீட்டி அதே டயலாக், ஒன் ஆபீஸ சோதனை போடணும்! ஸ்பேட் விழுந்து விழுந்து சிரிச்சுட்டு பண்ணிக்கோன்னு விட்டுடுறாரு.

இதே நாவல இதே வார்னர் பிரதர்ஸ் 1931லயும் 1936லயும் எடுத்துட்டாங்க, ரெண்டாவதுல கதையையே கந்தலாக்கி காமெடி ஆக்கிட்டாங்க. மூணாவதா எடுத்த ஜான் ஹூஸ்டனுக்கு டைரக்டரா இதுதான் மொத படம், ஜார்ஜ் ராஃப்ட் வேண்டாம்னு தள்ளிவிட்ட ஸ்பேட் ரோல்தான் ஹம்ஃப்ரி போகார்ட்டுக்கு வந்துச்சு. ஹூஸ்டன் பெருசா ஒண்ணும் பண்ணல, நாவல்ல இருந்த டயலாக்க முக்கால்வாசி அப்படியே எடுத்து வெச்சுட்டாரு. ரெண்டாவதா எடுத்தவருக்கு அது தோணலயேன்னுதான் ஆச்சரியம். நியூஸ்பேப்பர்ல சுத்துன பொட்டலத்தோட தள்ளாடி வந்து விழுவாரே ஒரு கேப்டன், அது ஹூஸ்டனோட அப்பா வால்ட்டர் ஹூஸ்டன், டைட்டில்ல பேரு கூடப் போடாம வந்துட்டுப் போயிருக்காரு.

குறையும் இருக்கு. பேச்சு புல்லட் ஸ்பீடு, சப்டைட்டில் இல்லாம ட்ரை பண்ணாதீங்க. தர்ஸ்பி, கெமிடோவ்னு திரையில வராத ஆளுங்க பேரா வந்து குவியும், மொத தடவ தலை சுத்தும். கைரோவ நளினமா காட்டி அத வெச்சே நக்கல் அடிக்குறது இப்போ பாக்க எரிச்சலா இருக்கு. ஆர்ச்சர் பொண்டாட்டி கேரக்டருக்கு ஸ்பேட் கழுத்தக் கட்டிக்கிட்டு அழறதத் தவிர வேலையே இல்ல. ஆரம்பத்துல பொய் சொல்லிட்டு வந்த அந்தப் பொண்ணா நடிச்ச மேரி ஆஸ்டருக்கும் ஸ்பேட்டுக்கும் நடுவுல காதல்னு சொல்றத பாதிப் படம் வரைக்கும் நான் நம்பல, ஆனா கடைசி பத்து நிமிஷத்துல ஸ்பேட் அவகிட்ட பேசுறாரே, அங்க நம்புனேன். போகார்ட் கண்ண மட்டும் பாருங்க.

அதுக்கு முன்னாடி பொட்டலம் பிரிக்குற சீன். நூல அறுத்து, பேப்பர கிழிச்சு, உள்ள இருக்குற நாரெல்லாம் தள்ளி, கட்மன் பேனாக்கத்தியால எனாமல சுரண்ட ஆரம்பிக்குறாரு, சுரண்டல் வேகமாகிக்கிட்டே போகுது, மூச்சு வாங்குது. இதுக்கு மேல சொல்ல மாட்டேன். ஒண்ணு மட்டும், ஷூட்டிங்குக்காக ஈயத்துல வார்த்த ஒரு பொம்மை 2013ல ஏலத்துல 40 லட்சம் டாலருக்கு மேல போச்சு. வெறும் ஈயம்! கட்மன் இருந்திருந்தா அதுக்கும் ஒரு வரலாறு சொல்லியிருப்பாரு.

இன்னொரு எச்சரிக்கை. ஸான் ஃபிரான்சிஸ்கோல ஆர்ச்சர் செத்து விழுந்ததா கதையில வர்ற பர்ரிட் ஸ்ட்ரீட் சந்து நெசமாவே இருக்கு, அங்க சுவத்துல ஒரு பலகை அடிச்சு வெச்சிருக்காங்க. ஆர்ச்சரை இந்த இடத்துலதான் போட்டாங்கன்னு எழுதுனதோட விட்டிருக்கலாம், யாரு போட்டதுன்னு கொலையாளி பேரையும் சேத்தே எழுதிட்டாங்க பாவிங்க. படம் பாக்காம அந்தப் பக்கம் போனீங்கன்னா சுவத்தப் பாக்காம நடந்துடுங்க.