சிலிக்குக் குரூஸ் போகிறவர்களே, கசாபிளாங்கா ஒயின் டூர் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

போன பிப்ரவரியில் நானும் மனைவியும் தென் அமெரிக்கக் குரூஸ் போனோம். சிலியில் கப்பல் நின்ற அன்று, கப்பல் கம்பெனியே விற்ற கசாபிளாங்கா பள்ளத்தாக்கு டூருக்குத் தலைக்கு 159 டாலர் கொடுத்து ஏமாந்தோம். இந்த சீசனில் அங்கே போகிறவர்கள் இருப்பீர்கள், அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சிறிய குடும்பத் தோட்டம் ஒன்றில் கொடிகளுக்கு நடுவே நடை, அந்த மண்ணில் விளைந்த மூன்று ஒயின்கள், கசாபிளாங்கா ஊருக்குள் ஒரு மணி நேரம், முன்கூட்டிச் சொன்னால் சைவச் சாப்பாடு. டூர் விவரத்தில் இருந்தது இவ்வளவும். அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. 1753-ல் உருவான சின்ன ஊர். சுற்றியுள்ள நிலம் ஒயின் திராட்சைக்கு ஆகாத குளிர் என்று ஒதுக்கப்பட்டிருந்தபோது, 1982-ல் பாப்லோ மொராந்தே என்ற ஒயின் தயாரிப்பாளர் துணிந்து கொடி நட்டார். பசிபிக்கிலிருந்து காலையில் ஏறி வரும் மூடுபனி வெயிலைத் தணிப்பதால் பழம் மெதுவாகப் பழுக்கிறது, புளிப்பும் குறைவதில்லை. இன்று சாவிஞோன் பிளாங்க் வெள்ளை ஒயினுக்குப் பேர்போன இடம்.

கோளாறு துறைமுகத்திலேயே ஆரம்பித்தது. பயணத்திட்டத்தில் பெரிய எழுத்தில் வல்பராயிசோ. அதன் கீழே பொடி எழுத்தில் சான் அந்தோனியோ. கப்பல் நின்றது இரண்டாவதில். இரண்டு ஊருக்கும் நடுவே சாலையில் ஒன்றரை மணி நேரம். சரக்குத் துறைமுகம் என்பதால் நடந்து வெளியே போகவும் முடியாது, கேட் வரை அவர்கள் விடும் பஸ்ஸில்தான் போக வேண்டும். எட்டரைக்குக் கிளம்ப வேண்டிய டூர் பஸ் பத்து மணிக்குத்தான் கிளம்பியது.

வழியில் லாபிஸ் லசூலி என்ற நீலக்கல் நகைக்கடை ஒன்றில் ஐம்பது நிமிடம் நிறுத்தினார்கள். விவரத்தில் இப்படி ஒரு கடையே இல்லை. நாற்பது பேரில் வாங்கியது இரண்டு பேர். மற்றவர்கள் வெயிலில் நின்றோம். கைடு மட்டும் உள்ளே ஏசியில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

தோட்டங்களை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தோம். கொடி வரிசைகளுக்கு நடுவே உயரமான கம்பங்களில் பெரிய விசிறிகள் நின்றன. எதற்கு என்று கேட்டேன். கைடு தெரியாது என்றார். வசந்த காலத்தில் இரவு உறைபனி விழுந்தால் இளந்தளிர் கருகிவிடும், மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளத்தான் அந்த விசிறிகள். அந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றிக்காட்டச் சம்பளம் வாங்குகிறவருக்கு இது தெரிய வேண்டாமா?

கடைசியில் இறக்கிவிட்டது நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெரிய விற்பனைக் கூடம். குடும்பமும் இல்லை, தோட்டமும் இல்லை. பிளாஸ்டிக் கோப்பையில் இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை. வெள்ளை ஒயின் குளிரக்கூட இல்லை. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன்: 'வாலே சென்ட்ரால்'. அது மைப்போ, மௌலே போன்ற பள்ளத்தாக்குகளுக்கான பொதுப்பெயர். கசாபிளாங்கா அதில் சேராது. சிலியில் லேபிளில் ஒரு பள்ளத்தாக்கின் பெயர் போட, குறைந்தது 75 சதவீதம் அங்கே விளைந்த திராட்சை இருக்க வேண்டும். எங்களுக்கு ஊற்றிய மூன்றிலும் கசாபிளாங்கா என்ற பெயர் இல்லை.

சாப்பாட்டில்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. என் மனைவி சைவம், புக் செய்யும்போதே குறிப்பிட்டிருந்தோம். தட்டில் எம்பனாதா வைத்தார்கள், நம் சோமாசி போல உள்ளே பூரணம் வைத்த பண்டம். உள்ளே என்ன என்று கேட்டதற்கு "சீஸ்தான்" என்றார் கைடு. நல்லவேளை, கடிக்காமல் பிட்டுப் பார்த்தாள். மாட்டுக் கொத்துக்கறி, ஒரு கருப்பு ஆலிவ், அவித்த முட்டைத் துண்டு. அப்படியே தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். பிறகு ரொட்டியும், தக்காளி வெங்காயம் கொத்தமல்லி போட்ட பெப்ரே என்ற தொக்கும்தான் அவளுக்கு அன்றைய மதியச் சாப்பாடு.

ஊருக்குள் பஸ் நிற்கவே இல்லை. "நேரமாகிவிட்டது" என்று சதுக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தார்கள். சாந்தா பார்பரா தேவாலயத்தை மரங்களுக்கு இடையே ஒரு கணம் பார்த்தேன், அவ்வளவுதான்.

கப்பலுக்கு வந்து டூர் கவுன்டரில் புகார் சொன்னோம். "இடங்கள் மாறலாம் என்று விதிமுறையில் இருக்கிறது" என்றார்கள். இரண்டு நாள் அலைந்த பிறகு 20 சதவீதம் கொடுத்தார்கள். அதுவும் பணமாக இல்லை, கப்பலிலேயே செலவழிக்க வேண்டிய கிரெடிட்.

வெளியே தனியாகப் போனால் கப்பல் காத்திருக்காது என்ற பயத்தில்தான் பலரும் இவர்களிடம் வாங்குகிறோம். பயம் நியாயமானது, வாங்குங்கள். ஆனால் தோட்டத்தின் பெயர் என்ன, அங்கே எத்தனை நிமிடம், எந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்புகிறது, வழியில் கடை உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தோட்டத்தின் பெயரைச் சொல்ல மறுத்தால் வாங்காதீர்கள். டூர் விவரப் பக்கத்தையும் பணம் கட்டும் அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். நாங்கள் புகார் சொல்லப் போன நேரத்தில் கப்பல் ஆப்பில் அந்தப் பக்கமே இல்லை. காட்ட எங்களிடம் ரசீது மட்டும்தான் இருந்தது.