மிஸ்டி: ஓர் அட்டைக்கு வேண்டாம், பன்னிரண்டுக்கு வேண்டும்

ஒரே ஒரு வாழ்த்து அட்டைக்கு ரப்பர் ஸ்டாம்ப் அடிக்க ஸ்டாம்பை ஒட்டிப் பிடிக்கும் அக்ரிலிக் பிளாக்கும் மைப்பேடும் போதும். கோணலாக விழுந்தாலும் ஓரத்தைச் சீவி வேறு அட்டைமேல் ஒட்டிச் சமாளித்துவிடலாம். ஆளுக்கு ஆள் அட்டை மாற்றிக்கொள்ளும் ஸ்வாப்பில் சேர்ந்தால்தான் சிக்கல். 12 பேர் கூட்டு என்றால் ஒரே மாதிரி 12 அட்டை போக வேண்டும். ஏழாவதில் இதழ் ஒன்று மங்கி, பத்தாவதில் வாழ்த்து வரி சரிந்திருந்தால், அந்த இரண்டும் யாரோ இருவர் கைக்குத்தான் போய்ச் சேரும். மிஸ்டி அந்த இடத்துக்கான கருவி.

‘மை சுவீட் பெட்டூனியா’ என்ற நிறுவனத்தின் தயாரிப்பு இது. பெயர், ‘இதுவரை கண்டுபிடித்ததிலேயே பிரமாதமான ஸ்டாம்ப் கருவி’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம். தற்பெருமைதான், ஆனால் முக்கால்வாசி உண்மை.

அமைப்பு எளிது. ஒரு தட்டு, அதில் கீல் வைத்த கண்ணாடி போன்ற மூடி. அட்டையைத் தட்டின் மூலையில் ஒட்ட நெருக்கி வைத்து, மேலே காந்தம் வைக்க வேண்டும். ஸ்டாம்பை முகம் கீழாக அட்டைமேல் வேண்டிய இடத்தில் வைத்து மூடியை அழுத்தினால், அது மூடியில் ஒட்டிக்கொண்டு எழும். அதில் மை தட்டி, மூடி, அழுத்த வேண்டியதுதான். மங்கலாக விழுந்தால் அட்டையை அசைக்காமல் மறுபடி மை தட்டி மூடினால் போதும், கோட்டின் மேலேயே கோடு விழும். சொரசொரப்பான வாட்டர்கலர் தாளில் வெள்ளைப் புள்ளிகள் விடும் தொல்லைக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. மூன்று முறை அழுத்தினால் குழிகளும் நிரம்பிவிடும்.

புதிதாக வாங்கியவர்கள் தடுமாறுவது உள்ளே வரும் ஃபோம் பேடில்தான். ஒளி ஊடுருவும் பாலிமரில் செய்த கிளியர் ஸ்டாம்ப் மெல்லியது. அதற்கு அட்டையின் அடியில் ஃபோம் இருக்க வேண்டும். சிவப்பு ரப்பர் ஸ்டாம்ப் தன் முதுகிலேயே மெத்தையைச் சுமந்து வருவதால், ஃபோமை எடுத்துவிட வேண்டும். மறந்தால் கீல் பக்கம் முதலில் இடித்து, மூடி சாய்ந்தபடி இறங்கும். கீலை ஒட்டிய பாதியில் படம் இழுபட்டு நிழல் தட்டியது போல் விழும். ‘கருவி கோளாறு’ என்று பலர் சொல்வது பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு கண்டிப்பான விஷயம், மிஸ்டிக்கு மூலைதான் கண். தாள் 1 மி.மீ. தப்பாக வெட்டியிருந்தால் படமும் 1 மி.மீ. தள்ளித்தான் விழும். ஆகவே 12 துண்டையும் ஒரே அமர்வில், டிரிம்மரின் (தாள் வெட்டும் கருவியின்) அளவைத் தொடாமல் வெட்டிவிடுவது நல்லது. மடித்த அட்டைமேல் நேராக அடிக்காமல் தனித் துண்டில் அடித்து ஒட்டுவது இன்னும் நல்லது: 105 × 148 மி.மீ. அட்டைக்கு 99 × 142 மி.மீ. துண்டு வெட்டினால் சுற்றிலும் 3 மி.மீ. கரை நிற்கும். கெட்டுப்போனால் போவது துண்டு மட்டுமே, அட்டை அல்ல.

அடி அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) A4 தாளைக் குறுக்கே பாதியாக வெட்டி, 210 மி.மீ. பக்கத்தில் 105-இல் கோடு இழுத்து மடிக்கலாம். தாளின் இழை நீளவாக்கில் ஓடும் ரகமாக இருந்தால், இப்படி வெட்டும்போது மடிப்பும் இழையோடு ஒத்துப்போகும். அதே தாளை நெடுக்காகக் கிழித்து நீள அட்டை செய்தால் இழைக்குக் குறுக்கே மடிப்பு விழும், முதுகு வெடித்து வெள்ளை தெரியும். சாயம் மேலே மட்டும் ஏறிய தாளில் அது பளிச்சென்று உறுத்தும். உறைக்கு C6 (114 × 162 மி.மீ.) சரியாக இருக்கும்.

வேலை வரிசையும் முக்கியம். இரண்டு, மூன்று வண்ண அடுக்குள்ள ஸ்டாம்ப் என்றால் முதல் அடுக்கை 12 துண்டிலும் முடித்துவிட்டே அடுத்ததை மூடியில் ஏற்ற வேண்டும். நான்கைந்து அச்சுக்கு ஒருமுறை நுண்கோடுகளில் மை அடைக்கும். ஸ்டாம்பைக் கழற்றாமல், மூடியில் இருக்கும்போதே ஈரத்துணியால் ஒற்றித் துடைக்கலாம். துடைத்தபின் மூடியையும் உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் சுத்தமான வெள்ளைத் தாளில் ஈரத் தழும்பு விழும்.

மை தேர்வு தவறினால் மிஸ்டி காப்பாற்றாது. ஆல்கஹால் மார்க்கரால் வண்ணம் தீட்டுவதானால் மெமென்டோ என்ற மை. வாட்டர்கலர் என்றால் வெர்சாஃபைன் மை, அதுவும் நன்றாகக் காய்ந்தபின். இடம் மாற்றிப் போட்டால் கோடு கரைந்து படம் முழுக்கக் கருப்பு ஓடும். வெர்சாமார்க் என்ற ஒட்டும் மையை அடித்து, சூட்டில் உருகிப் புடைத்து நிற்கும் எம்போசிங் பவுடர் தூவுகிறவர்கள், பவுடர் வேண்டாத இடத்தில் ஒட்டாதிருக்க, அடிப்பதற்கு முன்பே தாளை ஆன்ட்டி-ஸ்டாட்டிக் பையால் தடவிவிட வேண்டும். அந்த மைக்கு நிறம் இல்லை, அதனால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, சந்தேகம் என்றால் தாளை அசைக்காமல் இன்னொரு முறை அழுத்துங்கள். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை முதலில் சூடேற்றிவிட்டுக் கொண்டு வந்தால் பவுடர் சட்டென உருகும், தாள் வளையாது. அதிகம் காட்டினால் பளபளப்பு போய் எண்ணெய்க் கறை போலத் தட்டையாகிவிடும்.

குறைகள் இல்லாமல் இல்லை. மரக்கட்டையில் ஒட்டிய பழைய ஸ்டாம்புகள் இதற்குள் அடங்காது, ரப்பரைக் கட்டையிலிருந்து உரித்தால்தான் ஆகும். காந்தம் வலுவானது, கவனிக்காவிட்டால் ஸ்டாம்பின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு மூடியை முழுதாக இறங்கவிடாது. பெரிய, நிரம்பிய படங்களில் உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரம் வரை அழுத்திக்கொண்டே போனால்தான் சீராக விழும். ஓங்கிக் குத்துவதால் பலனில்லை. கிளியர் ஸ்டாம்ப் ஒட்டாமல் நழுவினால் இளஞ்சூட்டு நீரில் சோப்பு போட்டுக் கழுவி, துணி படாமல் காயவிட்டால் பசை திரும்பிவிடும். புது ரப்பரில் மை முத்து முத்தாகத் திரண்டால், அது மூடியின் குற்றமல்ல. பென்சில் அழிப்பானால் முகத்தை லேசாகத் தேய்த்துத் துடைத்தால் சரியாகிவிடும்.

போட்டிக்கு, கைவினை வடிவமைப்பாளர் டிம் ஹோல்ட்ஸ் பெயரில் வரும் ஸ்டாம்ப் பிளாட்ஃபார்ம் இருக்கிறது. அதில் மூடியைக் கழற்றிப் புரட்டிப் போடலாம், ஒருபுறம் கிளியருக்கு, மறுபுறம் ரப்பருக்கு. ஃபோம் போடுவதையும் எடுப்பதையும் மறக்கிறவர்களுக்கு அது வசதி. மூடியைக் கழற்றிப் புரட்டும் வேலையே வேண்டாம், மூலையில் தாளை வைத்து அடித்துக்கொண்டே போக வேண்டும் என்பவர்களுக்கு மிஸ்டியே சரி.

கைவசம் இருப்பதெல்லாம் மரக்கட்டை ஸ்டாம்புகள்தான் என்றால் இரண்டும் வேண்டாம். ‘ட’ வடிவக் கைப்பிடியும் ஒரு கண்ணாடித் தாளும் போதும். கைப்பிடியின் மூலையில் கண்ணாடித் தாளையும் கட்டையையும் ஒட்டவைத்துத் தாளில் ஒருமுறை அடித்து, அந்தத் தாளை அட்டைமேல் நகர்த்தி இடம் பார்த்துவிட்டு, அதன் மூலையோடு கைப்பிடியின் மூலையைப் பொருத்தி அசையாமல் பிடித்து, தாளை மட்டும் உருவி எடுத்துவிட்டு, அதே மூலையில் கட்டையை ஒட்டி அட்டையில் அடிக்கலாம். இடம் தப்பாது. ஆனால் 12 அட்டைக்கு 12 முறையும் இதையே செய்தாக வேண்டும்.