புகைப்படமா, ஊர்க்கூட்டமா, வெளிப் பொறியாளரா? கட்டுமானக் கண்காணிப்பில் மூன்று வழிகள்

கிராமத்துப் பள்ளிகளுக்கு வகுப்பறை கட்டித்தரும் ஒரு சிறிய அறக்கட்டளையின் பணிகளை மேற்பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தபோது, கட்டுமானத்தை எவ்வழியில் கண்காணிப்பது என்ற கேள்விக்கு மூன்று விடைகள் முன்னே இருந்தன. மூன்றும் இந்திய அரசுத் திட்டங்களில் நடைமுறையில் உள்ளவை. நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தவர்கள் என்பதால் இந்த அலசலும் அதன் பக்கமே சாயும்.

முதல் வழி, எடுத்த இடத்தையும் பதிவுசெய்யும் இடக்குறியுடன் எடுக்கும் புகைப்படம். 2016-இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில், கட்டுமானத்தின் ஒவ்வொரு நிலையையும் கைபேசிச் செயலியில் படமெடுத்து ஏற்றிய பிறகே அடுத்த தவணை விடுவிக்கப்படுகிறது. கட்டாத வீட்டுக்குப் பணம் எடுப்பது இதனால் கடினமாகிறது. கட்டடம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே கேள்வியானால் இதைவிட மலிவான வழி கிடையாது.

இரண்டாவது, ஊர்மக்களே கூடி வேலையையும் கணக்கையும் சரிபார்க்கும் சமூகத் தணிக்கை. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் இதைக் கிராம சபையின் கையில் கொடுத்தது. வேலைக்கு வராதவர் பெயரில் கூலி எழுதியிருந்தால் ஊர் அதை உடனே பிடித்துவிடும். ஆனால், இந்தோனேசியாவில் 600-க்கும் மேற்பட்ட கிராமங்களின் சாலைப் பணிகளை வைத்து நடந்த கள ஆய்வு ஒன்றில், அரசுத் தணிக்கை நிச்சயம் வரும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட கிராமங்களில் கணக்கில் எழுதியும் சாலையில் காணப்படாத செலவு சுமார் 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. ஊர்மக்களைக் கூட்டங்களுக்கு அழைத்த முறையால் சராசரியில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. தன் கூலி குறைந்தால் யாருக்கும் தெரியும். ஜல்லி அடுக்கின் தடிமன் குறைந்தால் தோண்டிப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, வெளிப் பொறியாளரின் நேரடி ஆய்வு. 2000-இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் தரக் கண்காணிப்புக்கு மூன்று அடுக்குகள் உண்டு. மேலடுக்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற மூத்த பொறியாளர்கள், அதுவும் வேறு மாநிலத்திலிருந்து வருபவர்கள். உள்ளூர் ஒப்பந்ததாரரோடு பழக்கம் இல்லாதவர் என்பதே அதன் பயன். இதையே சிறிய அளவில் நாங்களும் செய்கிறோம்: பொறியாளரின் கட்டணத்தை அறக்கட்டளையே கொடுக்கிறது, ஓர் ஒப்பந்ததாரரின் அடுத்தடுத்த இரு பணிகளுக்கு ஒரே பொறியாளரை அனுப்புவதில்லை.

என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது ஒன்றுதான்: கட்டடத்தில் முக்கியமானதெல்லாம் மூடப்பட்டுவிடுகிறது. அஸ்திவாரத்தின் ஆழம் மண்ணுக்குள் போய்விடும், கம்பி காங்கிரீட்டுக்குள் போய்விடும். தளத்துக்குக் கம்பி கட்டி முடித்த மறுநாள் காலையே காங்கிரீட் போடுவது வழக்கம் என்பதால், பார்ப்பதற்கு இடையிலிருக்கும் ஒரு மாலைப்பொழுதுதான் கிடைக்கிறது. ஒரு பள்ளியில், தூணைச் சுற்றிய வளையங்கள் கண் மட்டத்தில் வரைபடம் சொன்னபடி 15 செ.மீ. இடைவெளியில் இருந்தன; ஆனால் எங்கள் பொறியாளர் ஏணியில் ஏறி டேப் வைத்தபோது, தூணும் உத்திரமும் சேருமிடத்தில், இன்னும் நெருக்கமாக இருக்க வேண்டிய இடத்தில், ஓர் அடிக்கு மேல் வெறுமையாக விடப்பட்டிருந்தது. மேஸ்திரி ஏற்கெனவே அனுப்பியிருந்த படம் கண் மட்டத்தோடு நின்றிருந்தது. அதைப் பொய்ப்படம் என்றும் சொல்ல முடியாது.

காங்கிரீட்டின் வலிமையை அறியச் செய்யும் கியூப் பரிசோதனையும் இப்படித்தான். 15 செ.மீ. கனசதுரங்களை 28 நாள் கழித்து நசுக்கிப் பார்க்கும் சோதனையில் குறையில்லை. கியூபுக்கென்று தனியாகச் சிமெண்ட் கூட்டிக் கலக்கும் வழக்கம்தான் குறை. தளத்துக்குப் போகும் கலவையிலிருந்தே எடுத்தார்களா என்பதை அருகில் நின்றவர்தான் சொல்ல முடியும்.

எனவே, பொறியாளர் கையெழுத்திடாமல் காங்கிரீட் போட்டால் அந்த நிலைக்கான பில் தேறாது என்ற நிபந்தனை எங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. இந்த வரி இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல பொறியாளர் வந்தாலும் அவர் எழுதுவது கோப்பில்தான் கிடக்கும். ஒப்பந்ததாரர்கள் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். பொறியாளர் வரத் தாமதித்தால் ஆட்கூலி வீணாகிறது என்ற அவர்களின் புகாரில் நியாயமும் உண்டு. வேலை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை அறிய நாங்களும் புகைப்படத்தையே நம்புகிறோம்; தரத்துக்கு அதை நம்புவதில்லை.

எங்கள் அனுபவம் ஒற்றைத்தளக் கட்டடங்களோடு நிற்கிறது. பாலம், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி போன்ற பணிகளில், நிலைக்கு ஒருமுறை வந்து போகும் ஒருவர் போதாமல், வேலையிடத்திலேயே தங்கிப் பார்க்கும் பொறியாளர் தேவைப்படக்கூடும்.